தொப்பைக்காக நகர்ந்த பலகை

எங்கள் தெருவில் நெசவாளிக்குத் தொப்பை விழுந்தால், அவன் சீக்கிரம் பட்டு முதலாளி ஆகப்போகிறான் என்று அர்த்தம். எனக்கு விழுந்தது. கையும் காலும் குச்சியாக இளைக்க, வயிறு மட்டும் முன்னேறிக்கொண்டிருந்தது.

“இன்னாங்க, சொல்லாம கொள்ளாம மொதலாளி ஆயிகினு கீறீங்க?” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

“மொதல்ல தொப்பை வந்துச்சு. பட்டுக்கடை பின்னாலயே வந்துகினு கீது” என்றேன்.

தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தால், நெய்த புடவை சுருளும் படமரம் வயிற்றை ஒட்டி நிற்கும். வயிறு அதில் இடிக்க ஆரம்பித்ததும் தச்சரைக் கூப்பிட்டேன். உட்காரும் பலகையைப் பின்னால் தள்ளி ஆணி அடித்தார். பிறகு வந்து இன்னும் கொஞ்சம் தள்ளி அடித்தார். ஈரல் நோய்க்குத் தச்சரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவன் ஆரணியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கண் மஞ்சளானதும் மனைவி என்னை வெளியூர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். டாக்டரம்மா வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

“இது தொப்பை இல்லீங்க. குடிச்சுக் குடிச்சு ஈரல் கெட்டு, வயித்துல நீர் கோத்திருக்கு. இனிமேலும் குடிச்சா உயிர் தங்காது.”

“குடிய நிறுத்த எதுனா வழி கீதா டாக்டர்?” என்றாள் மனைவி.

“மாத்திரை தரேன். உக்கார வெச்சுப் பேசி நிறுத்த வைக்கிறவரு மாத்தலாயிட்டாரும்மா. இன்னும் வேற ஆள் போடல.”

மதுக்கடையும் சர்க்காருடையது, ஆஸ்பத்திரியும் சர்க்காருடையது. கடையில் மட்டும் ஆள் இல்லாத நாளை நான் பார்த்ததில்லை. விடாமல் போய்ப் பார்த்தவன் சொல்கிறேன்.

நீரை எடுத்துவிட்டு அனுப்பினார்கள். வயிறு காலிப் பையாகத் தொங்கியது. திரும்பும்போது சேத்துப்பட்டில் பஸ் நின்றது. ஒன்றுக்குப் போய்வருவதாகச் சொல்லி இறங்கினேன். வாடை தெரியாமலிருக்கப் பாக்கு மென்றுகொண்டே ஏறினேன். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் பலகையைப் பழைய இடத்துக்கு இழுக்கத் தச்சர் வந்தார்.

“இன்னாங்க, மொதலாளி ஆசை போயிடுச்சா?” என்று சிரித்தபடி சுத்தியலை எடுத்தார்.

“ஆணி வாணாங்க” என்றாள் மனைவி. “சும்மா வெச்சிட்டுப் போங்க. மறுபடியும் பின்னால தள்ளணும்.”

தச்சர் என்னைப் பார்த்தார். எதற்கும் ஒரு கேலி தயாராக வைத்திருப்பவன் நான். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அப்போதும் பாக்குதான் மென்றுகொண்டிருந்தேன்.