எஸ்தரின் வெல்ல டப்பா

அவசர ஆர்டர் ஓடும்போது எங்கள் சூப்பர்வைசர் மெஷினை நிறுத்தச் சொல்லி நான் பார்த்ததில்லை. அன்று காலை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். "எஸ்தர் புள்ள ஆஸ்பத்திரியில தவறிடுச்சுங்க" என்றார். கையில் இருந்த பனியனை மடித்தேன், பிரித்தேன், மறுபடியும் மடித்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

திருப்பூர் நெருப்பெரிச்சலில் எங்கள் பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் எனக்கு எதிரே நின்று வேலை செய்தவள் எஸ்தர். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெண். சிறுவயதில் ரத்தப் புற்றுநோய் வந்து, முடியெல்லாம் கொட்டி, பிழைத்தவள். குணமாகிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் குடும்பம் பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தது.

அவள் அதை மறைத்ததே இல்லை. பெண் பார்க்க வந்தவர்களிடமே சொன்னாள்: "சின்னப்பிள்ளையில எனக்கு கேன்சர் இருந்துச்சு. இப்ப இல்ல. காப்பி ஆறுது, குடிங்க." போனவர்கள் திரும்பி வரவில்லை. மறுநாள் எங்களிடம், "காப்பியை மட்டும் மிச்சம் வைக்கலக்கா" என்று சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அவள் கண்ணை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

பஞ்சு பறக்கும் இடத்தில் வேலை செய்பவர்களுக்கு வெல்லம் ஒரு பழக்கம். தொண்டையில் ஒட்டிய பஞ்சை அது இறக்கிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. பொங்கல் கழிந்து, மாடிப்படி ஏறியதற்கே எஸ்தருக்கு மூச்சு வாங்கியது. "பஞ்சு போயிருக்கும் கண்ணு, தின்னு" என்று ஒரு துண்டு கொடுத்தேன். பிறகு அவளே ஒரு டப்பாவில் கொண்டுவரத் தொடங்கினாள். கால் வீங்கியபோது, நின்றே வேலை செய்தால் எல்லோருக்கும் வீங்கும் என்றோம். எங்களிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

ஒருநாள், "டாக்டரைப் பாத்துரு கண்ணு" என்றேன். "நான் தும்முனாலே எங்கம்மா வெளுத்துப்போவா. திரும்ப அவளை ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்கார வைக்க மாட்டேன்க்கா" என்றாள்.

கடைசியில் மூச்சுவிடவே முடியாமல் எஸ்தரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, அப்படியொரு வராந்தாவில்தான் அவள் அம்மா உட்கார்ந்தார். சிறுவயதில் உயிரைக் காப்பாற்றிய புற்றுநோய் மருந்தே அவள் இதயத்தைத் தளர்த்தியிருக்கிறது என்றார் மருத்துவர். குணமானவர்களுக்கும் பல வருடம் கழித்து இப்படி ஆகலாமாம். அவ்வப்போது இதயத்தைப் பரிசோதித்திருக்க வேண்டுமாம். நோய் போய்விட்டது என்று நிம்மதியானவர்களை நான் எப்படிக் குறை சொல்வது? கோபம் மட்டும் வருகிறது, யார்மேல் என்று தெரியாமல்.

கல்லறைத் தோட்டத்தில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மூச்சு வாங்குதுன்னு உன்கிட்டயாவது சொன்னாளா தாயி?"

"சொன்னாளுங்கம்மா. பஞ்சுன்னு நெனச்சுட்டோமுங்க. வெல்லந்தான் தின்னுட்டிருந்தா."

அம்மா என் கையை விட்டார். பிறகு சொன்னார்: "இனிப்புக்கு ஆசப்படுதான்னு நெனச்சு, நாந்தான தெனமும் அந்த டப்பாவ நெரப்பிக் குடுத்தேன்."

அந்த டப்பா இப்போது என்னிடம் இருக்கிறது. எஸ்தரைப் போலச் சிறுவயதில் பிழைத்து வந்தவர்கள் உங்கள் டேபிளிலும் இருப்பார்கள். நன்றாக இருக்கும்போதே அவர்களைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

போன வாரம் எதிரே புதிதாக நிற்கும் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. என் கை பழக்கத்தில் டப்பாவுக்குப் போனது. மூடியைத் திறக்காமல், "வா கண்ணு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று கூட்டிப்போனேன். வெறும் சளிதான் என்றார்கள். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை நான் அழுதேன்.