வேர்வைக்கு நடுவே ஒரு ஸ்வெட்டர்

ஸ்வெட்டரின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டுதான் மிஷினுக்குப் போகிறார் வெள்ளியங்கிரி. கோவை மில் ஒன்றின் ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட். நூல் அறாமலிருக்க ஈரமும் அனலுமாக வைத்திருப்பார்கள். மற்றவர்கள் பனியனைப் பிழிகிறார்கள். இவருக்குக் குளிர்கிறது.

"ஏம் மாப்ள, ஊட்டி பஸ்ஸு இன்னும் வர்லீங்களா?" என்பார் பக்கத்து மிஷின் யூனுஸ்.

"வந்தா உங்களையும் ஏத்தி உடறேனுங்க."

பதில் வர நேரமாகும். முகம் ஊதியிருக்கிறது. குரல் கரகரக்கிறது. அறுந்த நூலை இணைக்கும் கையும் இப்போது மந்தம்.

தைராய்டு. கழுத்திலுள்ள அந்தச் சுரப்பி சுரப்பதைக் குறைத்துவிட்டது. அது குறைந்தால் ரத்தக்குழாய் இளகாது. இறுகிய குழாயில் இதயம் முட்டித் தள்ள வேண்டும். பிரஷர் ஏறும். தைராய்டு மாத்திரையை விடாமல் தின்றால் குழாய் இளகும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். பிரஷர் இறங்காவிட்டால் மிஷினில் விடமாட்டேன், வீட்டுக்குத்தான் என்றுவிட்டார் மில் டாக்டர்.

மாதங்கள் போயின. பிரஷர் இறங்கவில்லை. மில் தொழிற்சங்கத்தின் பழைய ஆள் நான் என்ற உரிமையில் போத்தனூர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். மாத்திரைப் புட்டி கழுத்துவரை நிறைந்திருந்தது.

"காலீல எந்திரிச்சதும் வெறும் வயித்துலன்னாங்கண்ணா. நா எங்கீங்க காலீல எந்திரிக்கறேன்?"

எல்லாரும் தட்டிக்கழிக்கும் முழு நைட் ஷிப்டை இவர் கேட்டு வாங்கியிருக்கிறார். ராத்திரி வீடு குளிர்கிறதாம், மிஷின் கதகதப்பாம். விடிந்து வந்து, சாப்பிட்டுப் படுத்தால் எழுவது பொழுது சாயும்போது.

"தூங்கி எந்திரிக்கிற நேரந்தான்யா உனக்குக் காலை. அப்பப் போடு."

"செரீங்ணா."

மறுநாள் சாயங்காலம் மறுபடி போனேன். அப்போதுதான் எழுந்திருந்தார். மனைவி பாப்பாயி தண்ணீர்ச் சொம்பை நீட்டினார்.

"ஏனுங்க, முழுங்கிப்போடுங்க. வேலை போச்சுன்னா என்னங்க பண்றது?"

"செரி, செரி."

மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். மேற்கே இருட்டிக்கொண்டிருந்தது. வானத்தை அண்ணாந்து பார்த்து, "பொழுது எறங்குதுங்ணா. இதெப்படீங்க காலை?" என்றார். பிறகு மாத்திரையைத் திரும்பப் புட்டியில் போட்டு மூடிவிட்டு, ஸ்வெட்டரின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.