ஹர்பிலாஸ் கொடுக்காத இரண்டு துப்பாக்கிகள்

பிண்டு மாவட்டத்தில் தேர்தல் வந்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகள் எல்லாம் காவல் நிலையத்துக்கு வந்து சேரும். அவற்றை அடுக்கிப் பூட்டிக் காப்பது ஏட்டு ஹர்பிலாஸ் குஷ்வாஹாவின் வேலை. ஊரார் அவரைத் திவான்ஜி என்பார்கள். தலை நரைக்கும்வரை இதையே செய்துவிட்டார். ஓட்டு எண்ணி முடித்துத் துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுக்கும் நாள்தான் அவருக்கு ஆகாது. அன்று விடியும்போதே உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கும்.

துப்பாக்கிகள் பூட்டிக் கிடக்கும் வாரங்களில் சண்டை ஒன்றும் குறைவதில்லை. வரப்பு, வாய்க்கால், கல்யாண வீட்டில் விட்ட வார்த்தை எல்லாம் வழக்கம்போலத்தான். தடியால் அடித்துக்கொள்வார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு உயிரோடு திரிவார்கள். இதை ஒருமுறை இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்.

"கள்ளத் துப்பாக்கி வச்சிருக்கவன் எவன்யா கொண்டாந்து குடுத்தான்? ஒழுங்கா லைசென்ஸ் எடுத்தவனதப் பூட்டி வச்சு என்னத்தக் கண்டோம்?" என்றார் அவர்.

அதுவும் பொய்யில்லை. ஹர்பிலாஸ் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இந்த முறை, கடுகு வயலுக்குத் தண்ணீர் விடும் தகராறில் ஜண்டேல் சிங் தன் தம்பி லாயக் சிங்கின் வலது கையைத் தடியால் முறித்திருந்தான். துப்பாக்கி வீட்டில் இருந்திருந்தால் கையோடு போயிருக்காது. இன்று அண்ணனும் தம்பியும் ஒரே டிராக்டரில் வந்து இறங்கினார்கள். வீட்டில் இருப்பதே ஒரு டிராக்டர்தான். முக்காட்டோடு பின்னால் வந்தாள் தம்பி பெண்டாட்டி ராம்ஸ்ரீ.

"என்ன திவான்ஜி, துப்பாக்கி இல்லாம, பெண்டாட்டிய மாமனார் வீட்டுல விட்டுட்டு வந்த மாதிரி இருக்கு. எடுத்தாங்க!" என்றான் ஜண்டேல் சிங். துப்பாக்கி வாங்க நின்ற வரிசை சிரித்தது.

"சாவியக் காணோம்," என்றார் ஹர்பிலாஸ்.

"போன தேர்தல்லயும் இதே சாவிதான தொலைஞ்சுது!"

ஹர்பிலாஸ் தம்பியையும் அவன் பெண்டாட்டியையும் உள்ளே கூப்பிட்டார். "புகார் ஒண்ணு குடுப்பா லாயக். கேஸ் இருந்தா ரெண்டு துப்பாக்கியும் இங்கயே கிடக்கும்."

"அண்ணன் மேல போலீஸ்ல புகாரா? தாக்கூர் வூட்டுல பொறந்தவன் செய்யற வேலையா அது? என்னோடத எடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

"கட்டுப் போட்ட கையால என்னத்தப் பாப்ப?"

"இடது கை சும்மாத்தான இருக்கு."

முக்காட்டுக்குள்ளிருந்து ராம்ஸ்ரீ கேட்டாள்: "நான் குடுத்தா எடுத்துக்குவீங்களா?"

"ஏய், வாய மூடு!"

"மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். உங்களுக்கு ரொட்டி ஊட்டறதும் நான்தான். வளையல உடைச்சிக்கிட்டு உக்கார்றதுக்கு இது எவ்வளவோ தேவலாம். எங்க வைக்கணும் கைநாட்டு, காட்டுங்க திவான்ஜி."

அவர் புகாரை எழுதி, இடத்தைக் காட்டினார். வைத்தாள்.

வெளியே வந்து இரண்டு துப்பாக்கியும் இப்போதைக்குக் கிடையாது என்று ஹர்பிலாஸ் சொன்னதும் ஜண்டேல் சிங்குக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவரை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தான். "வூட்டுச் சங்கதிய இங்க கொட்டிட்டாளேடா."

"என் பேச்சக் கேக்கலண்ணே," என்றான் லாயக் சிங்.

கை முறிந்த பிறகு இருவரும் பேசிக்கொண்டது இதுவே முதல் தடவை. தம்பி டிராக்டரில் ஏற முடியாமல் தடுமாற, அண்ணன் தோளைப் பிடித்து ஏற்றித் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். ராம்ஸ்ரீ பின்வண்டியில் தானே ஏறினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

டிராக்டர் போன திசையையே ஹர்பிலாஸ் பார்த்தபடி நின்றார். அந்த வீட்டில் தடி இன்னும் இருக்கிறது; ராம்ஸ்ரீயும் அங்கேதான் போகிறாள். சாயங்காலம் அந்தப் பக்கம் ஒரு நடை போய்வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.