அவித்த மாவில் பியரோகி

என் மகளுக்கு மூன்று வயது. போன குளிர்காலத்தில் அவளுடைய எடை கூடாமல் நின்றுவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் பிள்ளைகளின் டொக்டர் சொன்னார். ஒரு மாதம் கழித்து மறுபடி நிறுத்துப் பார்ப்போம் என்றும் சொன்னார். எனக்கு இரண்டாவது வசனம் மட்டும்தான் காதில் நின்றது.

வீட்டில் அவள் சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் இருப்பாள். விழுங்கவும் மாட்டாள், துப்பவும் மாட்டாள். நான் வேலைக்குப் போகும் நாட்களில் அவளைப் பார்த்துக்கொள்பவர், டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்திலேயே மூன்று மாடி கீழே இருக்கும் ஒரு போலந்துப் பெண். என் வயதுதான். அங்கே மகள் மத்தியானத்தில் ஐந்து பியரோகி சாப்பிடுகிறாளாம். பிசைந்த உருளைக்கிழங்கையும் சீஸையும் உள்ளே வைத்து, மாவை அரைவட்டமாக மடித்து, கொதிநீரில் போட்டெடுத்து, பட்டரில் வதக்கிய வெங்காயத்தோடு கொடுப்பது. "ஐந்தா?" என்று நான் கேட்ட விதத்தைப் பார்த்து, நான் நம்பவில்லை என்று அவர் நினைத்திருக்கலாம். நம்பினேன். அது பொறாமை. இப்போது சொல்ல முடிகிறது.

எடை பார்க்க இரண்டு கிழமை இருந்தபோது, ஒஷாவாவில் அவருடைய தங்கைக்குக் குழந்தை பிறந்தது. அவர் உதவிக்குப் போய்விட, நான் லீவு எடுத்தேன். முதல் மூன்று நாளும் மகளுக்குப் பாலும் பிஸ்கற்றும்தான் சாப்பாடு. நான்காம் நாள் சனிக்கிழமை. பியரோகியை நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

மூன்று வீடியோ பார்த்தேன். ஒன்றில் முட்டை போட்டார்கள், ஒன்றில் சவர் கிறீம், ஒன்றில் வெறும் சுடுதண்ணீர். எது சரி என்று தெரியாமல் மூன்றையும் கடதாசியில் எழுதி, இரண்டை வெட்டி, வெட்டியதில் ஒன்றைத் திரும்ப எழுதி, கடைசியில் சுடுதண்ணீரிலேயே வந்து நின்றேன். இரண்டு கப் மா வேண்டும். வழக்கமாகக் கை போகும் டப்பாவைத் திறந்து அள்ளினேன்.

மா இழுபடவில்லை. தட்டையாக உருட்டினால் விளிம்பெல்லாம் வெடித்தது. தண்ணீர் காணாதோ என்று கொஞ்சம் விட்டேன். கூடிவிட்டதோ என்று மாவைத் தூவினேன். எப்படியோ இருபது பிடித்து, கொதிக்கும் பானையில் போட்டேன். ஒரு நிமிடத்தில் எல்லாம் பிரிந்து கரைந்து, பானை முழுக்க வெள்ளையாகக் கலங்கியது.

பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலை முடிந்து வந்த கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, ஊரிலை மாதிரி கூழ் காய்ச்சுறீரோ? நண்டு போடேல்லையோ?"

"பகிடி விடாதேங்கோ. பிள்ளைக்குச் செய்யிறன்."

என் குரலைக் கேட்டதும் அவர் சிரிப்பை நிறுத்தினார். "எந்த மா எடுத்தனீர்?"

டப்பாவைக் காட்டினேன்.

"உது அவிச்ச மாவெல்லோ! போன கிழமை இடியப்பத்துக்கெண்டு நீர்தானே அவிச்சு அரிச்சு வைச்சனீர்."

எங்கள் வீடுகளில் கோதுமை மாவை ஆவியில் அவித்து, அரித்து, டப்பாவில் வைத்திருப்போம். இடியப்பமும் புட்டும் மெதுவாக வர அது வேண்டும். அவித்த பிறகு அந்த மாவில் இழுவை இராது. அவிக்காத மா எடுங்கள் என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று அவர்களுக்கு ஏன் தோன்றப்போகிறது?

இன்னும் என்னென்ன பிழை விட்டிருக்கிறேனோ என்று பயந்து, போலந்துக்காரிக்கே ஸ்பீக்கரில் போன் எடுத்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கையாலேயா செய்கிறீர்கள்? நான் ஒருநாளும் செய்ததில்லை. கடையில் ஐஸ் பெட்டியில் பையோடு இருப்பதை வாங்கிக் கொதிக்க விடுவேன். என் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்."

"அப்படியென்றால் எப்படி அவளைச் சாப்பிட வைக்கிறீர்கள்?"

"நானா? தட்டை வைத்துவிட்டு உடுப்பு மடிக்கப் போய்விடுவேன். வந்து பார்த்தால் முடிந்திருக்கும்."

போனை வைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் நான் எங்கே இருப்பேன்? மகளின் முகத்துக்கு முன்னால், கரண்டியோடு, அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டு.

"நானும் போய் ஒரு பை வாங்கிக்கொண்டு வரட்டோ?" என்றார் கணவர்.

"வேண்டாம். அந்த அவிக்காத மா பக்கற்றை எடுத்துத் தாங்கோ."

இந்த முறை மா சொன்னபடி கேட்டது. நான் மடிக்க, அவர் முள்ளுக்கரண்டியால் விளிம்பை அழுத்தினார். ஒன்றைப்போல ஒன்று இல்லை. ஆனால் ஒன்றும் வெடிக்கவில்லை.

மகளுக்கு முன்னால் நான்கை வைத்தேன். "அம்மா செய்தது, சாப்பிடு செல்லம்" என்பது வாய்வரை வந்தது. அதை அடக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பி, கூழ் ஒட்டிய பானையைத் தேய்க்கத் தொடங்கினேன். முதலில் சத்தமே இல்லை. பிறகு கரண்டி தட்டில் பட்டது. மறுபடியும் பட்டது.

"திரும்பாதேயும்," என்று கணவர் மெல்லச் சொன்னார். "ரெண்டு முடிஞ்சுது. நீர் பானையை மினுக்கும்."

மினுக்கினேன். மாதக்கணக்காக இறுகியிருந்த தோள்கள் தண்ணீர்ச் சத்தத்தில் மெல்ல இறங்கின.

"அம்மா, more இருக்கோ?"

"இருக்கு," என்றேன், திரும்பாமலே.

டொக்டரிடம் போனபோது எடை கூடியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் கூடியிருந்தது. புதிதாக என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். பானை கழுவினேன் என்றா சொல்வது? பியரோகி என்றேன். நல்லது, தொடர்ந்து கொடுங்கள் என்றார்.