பினாங்குக்குப் போட்ட பக்கம்

நேற்று மின்சார ரயிலில் கைபேசியில் ஒரு பக்கத்தைத் திறந்தேன். மேலே ஒரு பட்டையளவு படம் வந்தது. இரண்டு ஸ்டேஷன் தாண்டியும் மிச்சம் வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு, ‘பாவம்’ என்பதுபோல் சிரித்தாள். எனக்குக் கோபமே வரவில்லை. அரைகுறைப் படங்களோடு எனக்குப் பழைய சகவாசம் உண்டு.

தொண்ணூறுகளின் கடைசி. காரைக்குடியில் சொக்கு அண்ணன் கடையில் வேலை. முன்கட்டில் அச்சு இயந்திரம், பின்னால் தடுத்த அறையில் கம்ப்யூட்டர். உருளையைத் துடைக்கிற மண்ணெண்ணெய் வாசம் என் தாவணியில் ஏறி, தேவகோட்டை பஸ்ஸில் கூடவே வீடு வரும். “நிருபராகப் போறேன்னு சொன்னே, அடுப்பு ரிப்பேர் பண்ணிட்டு வந்தமாதிரி இருக்கியே” என்பார் எங்கள் அப்பா. தபால் வழியில் பத்திரிகைத் துறை படித்திருந்த நான் அங்கே செய்தது கல்யாணப் பத்திரிகை அடிக்கும் வேலை.

ஒரு மத்தியானம் மோடம் கீச்சிட்டு, கரகரத்து, அதிசயமாக இணைப்பு கிடைத்தது. மதுரைக்கு டெலிபோன் போட்டுத்தான் இன்டர்நெட்டுக்குள் நுழைய வேண்டும் அப்போது. மீட்டர் ஓடுகிற பயம் வேறு. திரையைப் பார்த்துக்கொண்டே சொக்கு அண்ணன் கேட்டார்:

“ஏந் தங்கச்சி, நம்ம அடிக்கிற பத்திரிகையை இதுக்குள்ள போட்டுட்டா என்ன? பினாங்குல இருக்கவுக உக்காந்த எடத்துல பாத்துருவாகள்ல?”

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. யோசனை பிறந்த நேரத்தில் பினாங்கில் அழைக்க வேண்டிய ஆளும் தயாராக இருந்தார். அண்ணனின் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, தை மாதம் அறுபது நிறைகிறது. சாந்தி என்று அவர்கள் சொல்லும் அறுபதாம் கல்யாணம் நடத்த வேண்டும். அவருடைய தம்பி பினாங்கில். வீட்டுப் பங்கு பிரித்தபோது வார்த்தை தடித்துப் போனவர் ஊர்ப்பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அப்பச்சியோ, “தம்பி வந்து நிக்காம எனக்கு எதுக்குடா சாந்தி? வேணாம், விடு” என்று உட்கார்ந்துவிட்டார். ஆத்தா அழுது பார்த்தும் அசையவில்லை.

அண்ணனே தேதி போட்டு அடித்த பத்திரிகையை ஸ்கேன் செய்து, இலவசமாக இடம் கொடுத்த ஒரு அமெரிக்கக் கம்பெனியில் ஏற்றி, அந்தப் பக்கத்தின் முகவரியைப் பினாங்குக்கு மெயிலில் அனுப்பினோம். உங்களுக்குத் தெரியாததா, செட்டிநாட்டுப் பத்திரிகை பிள்ளையார் படத்தில் தொடங்கி, கோயில், ஊர், வீட்டு விலாச எழுத்துகள், பெரியவர்கள் பேரெல்லாம் கடந்துதான் தேதிக்கு வரும். பினாங்குத் தம்பியின் மகனிடமிருந்து மறுநாள் மெயில்: பிள்ளையார் வரை வந்தது, அதற்குமேல் வரவில்லை. யாருக்கு என்ன விசேஷம்?

சரி, தலைகீழாக மாற்றினேன். தேதி மேலே. யாருக்கு, எங்கே என்பது அடுத்து. பேர்கள் கீழே. தமிழ் எழுத்துரு அங்கே பூச்சி பூச்சியாகத் தெரியும் என்பதால் ஆங்கில எழுத்தில் தமிழ். படம் இல்லை, நாலே வரி. நொடியில் திறந்தது. இன்றைக்கு இதைப் பயிற்சி வகுப்பில் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்குப் பிள்ளையார் புண்ணியத்தில் கிடைத்தது.

தம்பி மகனிடமிருந்து பதில் வந்தது. படித்த அண்ணன் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

“எங்க அப்பச்சி கேக்கச் சொன்னாக. ஊர் உலகமே பாக்குற எடத்துல ஒட்டிவச்சதை எனக்குச் சொன்னதா எடுத்துக்கணுமான்னு.”

எனக்கு விளங்கவே இல்லை. எங்கள் கிறிஸ்தவ சாதிசனத்தில் கல்யாணம் என்றால், இன்னாருக்கு இன்னார் என்று மாதாகோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார் சாமியார். எல்லார் காதிலும் விழுந்தாயிற்று, முடிந்தது. இவர்களுக்கோ அச்சடித்த பத்திரிகை வெறும் தாள்; பங்காளி வீட்டுப் படியேறி, வாயைத் திறந்து ‘வந்துருங்க’ என்று சொன்னால்தான் அது அழைப்பு.

“எனக்குத் தெரியாதாக்கும்? இந்தப் பொட்டியைக் கண்டதும் மறந்து தொலைச்சேன்” என்று தலையில் அடித்துக்கொண்டார் அண்ணன்.

மறுநாள் காலையில் அப்பச்சியே கடைக்கு வந்துவிட்டார். மகன் சொல்லியிருப்பார் போல. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஏம்மா, நான் சொல்றதை இதுல போட்டா, அவன் ஒத்தையில பாப்பானா, நாலு பேரோட பாப்பானா?”

எழுத்து வேலைக்கு வந்து இத்தனை வருஷத்தில் இதைவிட நல்ல கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அந்த நிமிஷத்தில்தான் எனக்கும் பொறி தட்டியது. வேறெந்தப் பக்கத்திலிருந்தும் வழி வைக்காமல் ஒரு பக்கம் செய்யலாம். முகவரியைப் பினாங்குத் தம்பியின் மகனுக்கு மட்டும் அனுப்பினால் போதும்.

“ஒத்தையிலதான் ஐயா. நம்ம முகவரி சொன்னாத்தான் யாரும் உள்ள வர முடியும்.”

“அப்பச் சரி. எழுது.” துண்டைச் சரிசெய்துகொண்டு, வீட்டு வாசலில் நிற்பவர்போல் கம்ப்யூட்டரைப் பார்த்து நின்றார். “தம்பி, அண்ணன் வந்துருக்கேன். தையில எனக்கு அறுபது. ரெண்டாங்கட்டுல உன் ரூமைத் தூத்துப் போட்டுருக்கேன். வந்து தங்கு. சாந்திக்கு வராட்டியும் வந்து தங்கு.”

“அப்பச்சி, சாந்திக்குத்தானே கூப்புடுறோம்?” என்றார் அண்ணன் பதறி.

“நீ சும்மா இருடா. உன்னையவா கூப்புடுறேன்?”

என் கை ‘அன்புள்ள தம்பிக்கு’ என்று தொடங்கத் துடித்தது. படித்த கை. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சொன்னதை மட்டும் தட்டினேன்.

ஐந்து நாள் ஒன்றுமில்லை. அண்ணன் மதுரைக்கு டெலிபோன் போட்டுப் போட்டு ஓய்ந்தார். பிறகு தம்பி மகனிடமிருந்து மெயில் வந்தது:

“எங்க அப்பச்சி ஒருத்தரையும் ரூமுக்குள்ள விடாம படிச்சாக. இப்பத் திருச்சியில எறங்குறதா மெட்ராஸ்ல எறங்குறதான்னு கேக்குறாக.”

அண்ணன் அதை அச்சடிக்கக்கூட நிற்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார். மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது; நான்தான் இணைப்பைத் துண்டித்தேன்.

சாந்தியில் அப்பச்சியும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் ஒருவர் இலைக்கு இன்னொருவர், “இங்குட்டு வைப்பா” என்று பரிமாறுகிறவரை ஏவிக்கொண்டிருந்தார்கள்.

இன்று இருவருமே இல்லை. கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அந்த அமெரிக்கக் கம்பெனி இலவச இடத்தை மூடியபோது பக்கமும் போயிற்று. நகல் எடுத்து வைக்கத் தோன்றாத வயது எனக்கு. நினைவில் இருக்கிறபோதே அந்த வரிகளை ஒழுங்காக எழுதி வைக்கலாமென்று இருக்கிறேன். ஒரே ஒரு சிக்கல். ‘வந்து தங்கு’ என்று சொல்வதற்கு முன்னால் அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். எனக்கு அன்று அதைத் தட்டச்சு செய்யத் தெரியவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அது எழுத்தில் வருமா என்று பார்க்க வேண்டும்.