பத்துக்கு மேல் ஈரம்

அனல்மின் நிலையத்தின் பின்வாசலையொட்டிய சின்ன அறையில் பதினோரு வருடமாக அவள் ஒரே வேலையைச் செய்துவந்தாள். நிலக்கரிப் புகையைச் சுண்ணாம்புப் பாலால் கழுவினால் வெளுத்த சேறு மிஞ்சும். லாரியில் ஏற்றிய அந்தச் சேற்றில் ஒரு கைப்பிடி எடுத்து, எடைபோட்டு, ஓவனில் ஒன்றரை மணி நேரம் காயவைத்து, மறுபடி எடைபோட வேண்டும். ஈரம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் லாரி ஜிப்சம் பலகைத் தொழிற்சாலைக்குப் போகும். மீறினால், பிளாஸ்டிக் விரித்த பெருங்குழிக்கு. குழிப் பாதையில் சக்கரம் புதையும். அதனால் டிரைவர்கள் அவளை நெஞ்சில் ஈரமே இல்லாதவள் என்றார்கள். அவர்களில் ஒருவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

சேற்றைப் பிழியும் வடிதுணி கிழிந்த வாரம், அவன் லோடு தொடர்ந்து மூன்று நாள் பதினான்கு காட்டியது. மூன்று நாளும் குழிக்கே எழுதிக் கொடுத்தாள். அவன் பேச்சை நிறுத்திவிட்டான். ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்கள்; உப்பு வேண்டுமென்றாலும் மனைவியைப் பார்த்து, "அவங்களைத் தரச் சொல்லு" என்றான். உப்பு அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அக்கா எடுத்துக் கொடுத்தாள்.

நான்காம் நாள் பல்வலியால் அவள் லீவு போட்டாள். மாற்றாக வந்தவர் ஓவனைத் திறக்காமலே ஒன்பது என்று எழுதினார். தம்பி உற்சாகமாகத் தொழிற்சாலைக்குப் போய் லாரியின் பின்தொட்டியைத் தூக்கினான். ஈரச் சேறு ஒட்டிக்கொண்டு இறங்கவில்லை. மண்வெட்டியோடு ஏறி மாலைவரை சுரண்டினான். விழுந்ததையும் தொழிற்சாலைக்காரர்கள் ஈரமென்று சீட்டெழுதித் திரும்ப ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வீடு வந்தபோது கண்களைத் தவிர எல்லாம் வெள்ளை. மனைவி வாசலிலேயே நிறுத்திக் குழாயைத் திறந்துவிட்டாள். அக்கா மாடியிலிருந்து பார்த்தாள். வீங்கிய கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை லோடோடு நேராக நிலையத்தில் அவள் அறைக்கு வந்தான்.

"நீயே பாருக்கா. எவ்வளவு நேரமானாலும் உக்காந்திருக்கேன்."

பதினைந்து வந்தது. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு குழிக்குப் போனான்.

துணியை மாற்றச் சொல்லி மேலாளருக்கு அன்று அவள் எழுதியது நான்காவது கடிதம். தொழிற்சாலை லோடைத் திருப்பியனுப்பியபோது கொடுத்த சீட்டையும் சேர்த்துக் குத்தினாள். பன்னிரண்டு நாளில் புதுத்துணி வந்தது. முதல் லோடு தம்பியுடையது, ஒன்பது காட்டியது. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"இன்னொரு தடவை போட்டுப் பாத்துடறேன்டா."

"போடு" என்று பெஞ்சில் காலை நீட்டினான்.

இரண்டாம் முறையும் ஒன்பதே வந்தபோது குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எழுப்ப மனமில்லாமல் மூன்றாவது கைப்பிடியையும் ஓவனில் வைத்தாள்.