வெல்ல நிறத்தில் ஒரு முட்டை

திருத்துறைப்பூண்டி பக்கம் சில வியாபாரிகள் வெள்ளை முட்டையைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து, நாட்டுக்கோழி முட்டை என்று விற்கத் தொடங்கிய சமயம். என் மனைவி அருள்செல்வி சந்தைக்குக் கொண்டுபோன அசல் முட்டையை ஒரு அம்மாள் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாளாம். அன்றைக்கே அருள்செல்வி முடிவு கட்டிவிட்டாள்.

"எந்தத் தேயிலைக்கும் எட்டாத நெறத்துல என் கோழி முட்டை போடணுங்க" என்று போனில் சொன்னாள். அப்போது நான் குவைத்தில் இருந்தேன். சிரித்துவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. தினமும் காலையில் முட்டைகளை வாசல் வெளிச்சத்தில் ஒரு வெல்லக்கட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். வெல்லத்தின் நிறத்துக்குக் கிட்டே வருவதை மட்டும் அடை வைப்பாள். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவள், எந்தக் கோழி எந்த முட்டையில் பிறந்தது என்று மூன்று தலைமுறையை ஒப்பிப்பாள். வெள்ளிக்கிழமை நான் பேசும் ஐந்து நிமிடத்தில் நாலு நிமிடம் கோழிப் பேச்சுதான். நான் 'ம்' கொட்டிக்கொண்டு வேறெதையோ நினைத்துக்கொண்டிருப்பேன்.

மூன்று வருடம் கழித்து விடுமுறையில் வந்தேன். மறுநாள் ஞாயிறு. அவள் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தாள். வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்குக் கோழிக் குழம்பு இல்லாமல் எங்கள் பக்கம் நடக்காது. அவளுக்கு ஏன் சிரமம் என்று நானே இறங்கினேன். யோசித்துத்தான் செய்தேன். முட்டை போடும் கோழி ஒன்றையும் தொடவில்லை. இருந்த ஒரே சேவலின் காலில் நீல நூல் கட்டியிருந்தது. எனக்காகவே அடையாளம் வைத்திருக்கிறாள் என்று நெகிழ்ந்துகூடப் போனேன்.

திரும்பி வந்தவள் இறகுக் குவியலில் கிடந்த நூலைப் பார்த்தாள்.

"இருக்குறதுலயே கறுத்த முட்டையில பொறந்த சேவலுங்க அது. நெறம் சேவல் வழியாவும் வரும். போன்ல எத்தனை தடவை சொன்னேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. குழம்பை இருவருமே தொடவில்லை.

மறுநாள் காலை அவளே பேசினாள். "சேவல் போனாலும் ஒரு வாரம் பத்து நாளைக்கு முட்டையில கரு இருக்கும். அதுவரைக்கும் ஒரு முட்டை மேலயும் உங்க கை படக்கூடாது."

கை படவில்லை. காக்கையையும் கீரியையும் விரட்டிக்கொண்டு கூட்டுக்குக் காவல் இருந்தேன். அடை வைத்ததில் ஒன்பது பொரிந்தன. ஆகக் கறுத்த முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு நூல் கட்டும்போது காலைப் பிடித்துக்கொண்டது நான்தான். அது சேவலா பெட்டையா என்று தெரிவதற்குள் விடுமுறை முடிந்துவிட்டது.

குவைத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் முதலில் அதைத்தான் கேட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை, "கொண்டை செவக்குதுங்க" என்றாள். நான் போட்ட சத்தத்தில் அறையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

அடுத்த விடுமுறைக்கு வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. அடுப்பில் கத்திரிக்காய்க் குழம்பு இருந்தது. கத்தியைக் காணோம், அரிவாள்மணையையும் காணோம். கொல்லையில் மேய்ந்த அத்தனை கோழிகளின் காலிலும் நீல நூல். குஞ்சுகளைக்கூட அவள் விடவில்லை.

கூட்டுக்குப் பின்னாலிருந்து வந்தாள். இரண்டு கைகளையும் மூடி என்னிடம் நீட்டி, விரல்களைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"எது வெல்லம், சொல்லுங்க பாப்போம்."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் சிரித்துக்கொண்டே நின்றாள்.